அறுநூற்று எழுபத்திரண்டு மூட்டை அரிசி

திருகோணமலை,
துறைமுகத்தடி,
16.3.1974, சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஸெய்னுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோப்பூரில் நீங்களும் பிள்ளைகளும் வயலும் மாடுகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க துஆச் செய்கிறேன். இங்கே உங்கள் தங்கச்சி அசனாவும் நானும் சுகம். இந்தச் சுகம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும்தான்.

விஷயத்துக்கு வரமுன் ஒன்று சொல்ல வேண்டும். இது என் கை. இதுவரை உங்களுக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்லச் சொல்லத் தபாற்கந்தோர் வாசலில் இருப்பவர் எழுதியவை. உங்கள் மகளின் கலியாணத்தின்போது நான் ஆனந்தக் கடலில் மூழ்கினேன் என்று எழுதியது அவர்தான். நான் சந்தோஷம் என்று மட்டுமே சொன்னனான். இந்தப் பக்கத்தை எழுத விடியச் சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்தேன், இப்போது மத்தியான லுஹருக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள். ஆனாலும் இவ்வளவு பயத்தோடு எழுதும்போதுகூட மனதுக்குள் ஒரு குளிர்ச்சி இருக்கிறது மச்சான், அதை மறைக்க எனக்கு ஏலாது.

நான் காவல் பார்க்கும் கட்டடம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரனின் நேவி கயிறு வைத்த பழைய ஸ்டோர். அவர்கள் போன பிறகு வௌவால்தான் குடியிருந்தது. பிறகு ஒரு சங்கம் களஞ்சியம் வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரில் கேட்டு எடுத்தது. களஞ்சியத்தில் வைக்கச் சங்கத்திடம் ஒரு சாமானும் இல்லாதபடியால், சங்கத் தலைவர் அதை மூன்று கலைக்காரருக்குச் சின்ன வாடகைக்குப் பிரித்துக் கொடுத்தார். கடல் பக்கம் தங்கரத்தினம், நாடகங்களுக்குத் திரைத் துணியில் சீன் கீறுகிறவர், கடைப் பலகையும் எழுதுவார். நடுவில் குலசிங்கம், சீமெந்தில் கோயில் உருவங்கள் செய்கிறவர். குசினிப் பக்கம் இரத்தினேஸ்வரிப் பிள்ளை, நிலாவெளி ஹோட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரருக்காக மெழுகு உருக்கித் துணிக்குச் சாயம் போடுகிறா. இருபத்து நாலடிச் சீன் துணியை விரித்துத் தொங்கவிடவும், மெழுகு நாற்றத்தையும் சீமெந்துத் தூசியையும் பொறுக்கவும் இந்த ஊரில் வேறு கூரை இல்லை. தங்கரத்தினம் பலகையில் சோக்கால் எழுத்தின் கரையை மட்டும் கீறிவிட்டுத் தூரிகையை என்னிடம் தருவார், நான் உள்ளே நிறம் நிரப்புவேன். அப்படி நிரப்பி நிரப்பித்தான் இரண்டு வருடத்தில் எழுத்து எனக்கு வந்தது. சாப்பாட்டுக் கடையில் பாதி, சைக்கிள் கடையில் மீதி.

போன மாதம் கந்தோரிலிருந்து ஆள் வரப் போவதாகக் கதை வந்தது. களஞ்சியம் என்று எடுத்த இடத்தில் களஞ்சியம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இல்லையென்றால் கட்டடத்தைத் திருப்பி எடுத்துவிடுவார்களாம். சங்கத் தலைவர் இதைக் கேட்ட அன்றே மட்டக்களப்புக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று வீட்டாருக்கும் தெரியாது. மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தங்கரத்தினம்தான் எழுந்து, “களஞ்சியம் வேணுமெண்டா களஞ்சியத்தைக் கீறுவம்” என்றார். அரண்மனைச் சீன் துணியைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் சாக்கு மூட்டைகளைக் கீறினார். மச்சான், நானே ஒன்றில் சாயப் போய் விழுந்தேன். மூட்டையின் தையல், ஓட்டை, நிழல் எல்லாம் இருந்தது. “காக்கா, எழுத்து உங்கட பொறுப்பு. விருப்பமான சாமானை எழுதுங்க” என்று சொந்தத் தமையனிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னார். உப்பு என்று எழுதியிருக்கலாம். தவிடு என்று எழுதியிருக்கலாம். மூன்று மாதமாக மரவள்ளிக் கிழங்கு தின்கிற கைக்கு வேறென்ன வரும்? நூற்றுப் பன்னிரண்டு மூட்டையிலும் அரிசி, அரிசி, அரிசி என்று எழுதினேன். என் சீவியத்தில் அதைவிடச் சந்தோஷமான கிழமை இல்லை.

கந்தோரிலிருந்து வந்தவர் பாக்கியரத்தினம் ஐயா. வாசலுக்கு நேராகத் துணி தொங்குகிறது, துணிக்குப் பின்னால் மூன்று பேரும் மூச்சடக்கி நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று அடித்தது. அரிசி மூட்டைகள் எல்லாம் மெதுவாக மூச்சு விட்டன.

“என்ன காக்கா, மூட்டை அசையுது?” என்றார்.

“எலி, ஐயா.”

“எல்லா மூட்டையிலயுமோ?”

“இது நேவி எலி ஐயா. பெரிசு.”

அவர் படியை விட்டு இரண்டடி கீழே இறங்கிவிட்டார். இரத்தினேஸ்வரி துணியின் அடியை இரண்டு காலாலும் மிதித்துப் பிடித்ததால் மூட்டைகள் அடங்கின. ஐயா தூரத்தில் நின்றே முன் வரிசையை எண்ணி, “பின்னால எத்தனை வரிசை?” என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லப் பயம், உண்மை சொல்ல அதைவிடப் பயம். “போகப் போகப் போகும் ஐயா” என்றேன். அவர் கட்டடத்தின் நீளத்தைப் பார்த்து, தானாகவே ஆறால் பெருக்கி, அரிசி அறுநூற்று எழுபத்திரண்டு மூட்டை என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார். அன்று மாலை இரத்தினேஸ்வரி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தா, பனங்கட்டியோடு.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு கொத்து அரிசிக்கு மேல் கொண்டுபோனாலே பஸ்ஸை மறித்து மனிதரை இறக்கிச் சோதிக்கிற இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அறுநூற்று எழுபத்திரண்டு மூட்டை என்பது வாயைக் கட்டிக்கொண்டு இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாசலைத் திறக்கிறேன், பாலையூற்று வரைக்கும் உள்ள சனம் பையோடு நிற்கிறது. அரிசி இல்லை என்றேன். “ஓம், ஓம், எங்களுக்கு இல்லத்தான்” என்றாள் ஒரு கிழவி. பள்ளிவாசலில் என் பக்கத்தில் தொழுதவர் சலாம் கொடுத்த கையோடு என் வயிற்றைப் பார்த்தார். நேற்று கந்தோரிலிருந்து ஒரு கடுதாசி வந்தது. இங்கிலீசு, இரத்தினேஸ்வரி வாசித்துச் சொன்னா. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அரிசியைத் தராசில் நிறுத்து லொறியில் ஏற்ற வருகிறார்களாம். பூட்டின் திறப்பு வைத்திருக்கும் காவற்காரர் நேரில் நிற்க வேண்டுமாம்.

மச்சான், நீங்களே சொல்லுங்கள். துணி என்று ஒப்புக்கொண்டால் கட்டடம் போகும், மூன்று பேரும் தெருவில். ஒப்புக்கொள்ளாவிட்டால் அரிசி எங்கே என்று கேட்பார்கள். அரசாங்கப் புத்தகத்தில் இருக்கிற அறுநூற்று எழுபத்திரண்டு மூட்டையை விழுங்கினவன், திறப்பு வைத்திருந்த இந்தப் பக்கீர்தான். அவன் நேற்றிரவும் தின்றது கிழங்குதான்.

யோசனைக்குக் குறைவில்லை. குலசிங்கம் சீமெந்தில் மூட்டை செய்கிறேன் என்று நாலு செய்தார், அதை நகர்த்த அவராலேயே ஏலாது. தங்கரத்தினம், “துணியைக் கொளுத்திப்போட்டு அரிசி எரிஞ்சு போச்செண்டு சொல்லுவம்” என்றார். அசனா கதவடியில் நின்று கேட்டுவிட்டு, “அறுநூறு மூட்ட எரிஞ்சா ஊரெல்லாம் சோத்து வாசம் அடிக்குமே, அதையும் கீறுவீங்களா?” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “எழுதத் தெரியாத காலத்தில ஒரு கந்தோரும் எங்கட வாசலுக்கு வரல்ல” என்றாள்.

ஆகையால் திங்கட்கிழமை முதல் லாஞ்சில் மூதூரிலிருந்து வந்து சேருங்கள். நீங்கள் வயல்காரர், என் மச்சான் ஒரு நாளில் எவ்வளவு சோறு தின்பான் என்று கணக்கோடு சாட்சி சொல்ல உங்களால் முடியும். என்னைக் கொண்டுபோய்விட்டால் அசனாவைத் தோப்பூருக்குக் கூட்டிப்போங்கள். சிவப்புக் கோழி அடைகாக்கிறது, அதைக் குலுக்காமல் கொண்டுபோக வேண்டும். மறியல் வீட்டுக் கம்பிக்குள் எனக்குக் கொப்பியும் பென்சிலும் அனுப்புங்கள். அங்கேயிருந்து போகிற கடிதத்தை ஒரு பெரியவர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவாராம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இன்னும் ஒருவர் என் எழுத்தைப் பார்ப்பார்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். நான் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அரிசி திருடியது அதில் இல்லை. அல்லாஹ் உங்கள் களத்தில் பரக்கத்தைச் சொரிவானாக.

இப்படிக்கு, தன் கையாலேயே எழுதும்,
மச்சான் பக்கீர்.

பி.கு: திங்கட்கிழமை பின்னேரம் எழுதுவது. சனிக்கிழமை கடிதத்தை முடிக்கமுன் தபாற்கந்தோர் பூட்டிவிட்டது, நேற்று ஞாயிறு, ஆகையால் இது இன்னும் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. நீங்கள் வர வேண்டாம். பாக்கியரத்தினம் ஐயா லொறி இல்லாமல் தனியாக வந்தார். கையில், மூட்டைக்குள் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கிற குத்தூசி. எலிக்குப் பயந்து கையை எட்ட நீட்டி முன் வரிசை மூட்டையில் குத்தினார். ஊசி பிடி வரைக்கும் போனது, துணிக்குப் பின்னால் குலசிங்கம் “அம்மா” என்றார். ஐயா ஊசியை இழுத்து, அதன் குழியைப் பார்த்தார். ஒரு அரிசி மணிகூட இல்லை. துணியை விலக்கிப் பார்த்தார். மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள், குலசிங்கம் தோளைப் பிடித்தபடி. ஐயா கதவைச் சாத்திவிட்டு வந்து குலசிங்கத்தின் சீமெந்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கட கந்தோரின்ட பெரிய ஸ்டோரில இருக்க வேண்டிய அரிசி புத்தகத்தில மட்டும்தான் காக்கா இருக்கு. வியாழக்கிழமை கொழும்பில இருந்து பெரியவர் பார்க்க வாறார். உங்கட அரிசியை ஏத்திக்கொண்டுபோய் நிரப்பலாமெண்டு நம்பி இருந்தனான்” என்றார்.

அவர் எழுந்து துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எத்தனை அடி?” என்று தங்கரத்தினத்திடம் கேட்டார்.

கட்டடம் எங்களுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, அவருடைய பெரிய ஸ்டோரில் தொங்கவிட வியாழக்கிழமைக்குள் இதைப்போல ஐந்து துணி வேண்டும். நான், “ஐயா, அரிசி எண்டே எழுதவா, சீனி எண்டும் எழுதவா?” என்று கேட்டேன். “ரெண்டும்தான் இல்ல காக்கா. விருப்பமானதை எழுதுங்க” என்றார்.

இதை வாசித்ததும் கிழித்து அடுப்பில் போடவும். முதல் பக்கத்தை மட்டும் வைத்திருக்கவும், அதில் வரி நேராக வந்திருக்கிறது. சனிக்கிழமை நான் பயந்தது எங்களிடம் மட்டும் அரிசி இல்லை என்று, அரசாங்கத்திடமும் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் நெல் மூட்டை ஏதும் மிச்சம் இருந்தால், மச்சான், தயவுசெய்து அதன்மேல் ஒன்றும் எழுத வேண்டாம்.