பிறந்த நாள் முதல் மைனர்கள்

தென்பொழில் நாட்டை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. வரி கட்டத் தவறினால் மட்டும் அதுவே நம்மைத் தேடிக்கொண்டு வந்துவிடும். அங்கே அரசரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். போன சித்திரையில் தேர்தலில் நின்றவர், மேடை மேடையாக ஏறி, "நான் உங்களுக்கு அப்பா மாதிரி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டமும் துடைத்துக்கொண்டது. அமோகமாக ஜெயித்தார்.

வக்கீல் மாசிலாமணி மட்டும் கண்ணைத் துடைக்கவில்லை. குடும்ப வழக்கு, உயில் வழக்கு, வியாபார வழக்கு மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துக்கொண்டு பிழைப்பவர் அவர். அண்ணனும் தம்பியும் தோளில் கை போட்டுக்கொண்டு அவர் ஆபீசுக்கு வந்தால், யார் கை யார் சட்டைப்பைக்குள் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். முன்பின் தெரியாதவன் சொந்தம் கொண்டாடினால் தம் சட்டைப்பையைப் பொத்திக்கொள்வார்.

பொத்தியது வீண்போகவில்லை. அரசரின் முதல் ஆணை ஒரே ஒரு வார்த்தையைத்தான் நீக்கியது. 'அப்பா மாதிரி' என்பதில் இருந்த 'மாதிரி'யை அடித்துவிட்டார்கள். இனி அரசர் எல்லோருக்கும் சட்டப்படி அப்பா. சனங்கள் சிரித்தார்கள், சிலர் பட்டாசுகூட வெடித்தார்கள். மாசிலாமணி அரசிதழை வாங்கி, அடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

அடுத்து, ஒரே அப்பாவின் பிள்ளைகள் என்றால் கணவனும் மனைவியும் உடன்பிறப்புகள் ஆகிவிடுகிறார்களே என்று சட்ட அமைச்சர் அம்பலவாணர் மிகவும் விசனப்பட்டார். ஆகவே, அப்பாவின் விசேஷ அனுமதி இருக்கும்வரை கல்யாணங்கள் செல்லும் என்று இரண்டாவது ஆணை வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு வாத்தியார் சத்தம் போட்டார். மறுநாள் காலையில் அவர் தம் மனைவிக்கு அண்ணன் ஆகியிருந்தார். அதன்பிறகு குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீரும் வரவில்லை.

பிறகு கடைகளுக்கு வந்தார்கள். நாட்டில் உள்ள எல்லாத் தொழிலும் குடும்பத் தொழில் என்பதால் பெயர்ப்பலகைகள் அனைத்திலும் 'அப்பா அண்ட் சன்ஸ்' என்று எழுத உத்தரவானது. லாபம் அப்பாவுக்கு, நஷ்டம் சன்ஸுக்கு. பெண்கள் நடத்திய கடைகளும் சன்ஸ்தான்.

இந்தச் சமயத்தில்தான் அஞ்சுகம் என்பவளின் கணவன் செத்துப்போனான். இருவரும் சேர்ந்து ஒரு மாவு மில் ஓட்டி வந்தார்கள். அதை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. காரியம் முடிந்த கையோடு வாரிசுத்துறை அதிகாரி வந்து, பிள்ளை போய்விட்டால் முதல் வாரிசு அப்பாதான் என்று விளக்கி, மில்லைப் பூட்டி சீல் வைத்தார். துக்கம் விசாரிக்கவும் அவர் மறக்கவில்லை.

அஞ்சுகம் நேராக மாசிலாமணியிடம் வந்தாள். அவருக்கோ அவள்மேலும் சந்தேகம். அரசர்மேல் வழக்குப் போட இப்படிப் பட்டப்பகலில் தைரியமாக ஒருத்தி வருவாளா? அம்பலவாணர் அனுப்பிய ஆளாக இருந்தால்? யார் சொல்லி வந்தாய் என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு, மில் ஓட்டுகிறவள்தானா என்று சோதிக்க, மிளகாய் அரைத்த மிஷினிலேயே கோதுமை அரைப்பீர்களா என்று வளைத்துக் கேட்டார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அதுக்கு வேற மிசின் சார். என் புருசன் செத்துட்டான். அவன் சட்டை இன்னும் மில்லுக்குள்ள ஆணியில தொங்குது, எடுக்க விடமாட்டேங்கிறாங்க. நீங்க என்னையவே வேவு பாக்குறீங்க."

மாசிலாமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். வழக்கையும் எடுத்துக்கொண்டார்.

அவர் போட்டது பாகப்பிரிவினை வழக்கு. அரசர் அப்பா என்றால் நாடு பூர்விகச் சொத்து. பூர்விகச் சொத்தில் அப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் பாகம் கேட்கலாம். அஞ்சுகம் பேராசைக்காரி அல்ல, அவள் பாகமாக அந்த மாவு மில்லைக் கொடுத்தால் போதும் என்று மனுவில் எழுதினார். விஷயம் வெளியே தெரிந்ததும், எனக்கு எங்கள் வீட்டுக் கிணறு போதும், எனக்கு என் பெண்டாட்டி போதும் என்று ஆட்கள் அவர் ஆபீஸ் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள்.

விசாரணைக்கு அம்பலவாணரே நேரில் வந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே! பெற்ற தந்தையிடம் பாகம் கேட்பதா நம் பண்பாடு? தலை நரைத்தாலும் தந்தையின் கண்ணுக்குப் பிள்ளைகள் குழந்தைகள் அல்லவா?" என்று தழுதழுத்தார். அப்படியே பையிலிருந்து புது ஆணையை எடுத்து நீட்டினார். தென்பொழிலின் பிரஜைகள் அனைவரும் இன்று முதல் மைனர்கள். மைனர் தானாக வழக்குப் போட முடியாது, கார்டியன்தான் போட வேண்டும். கார்டியன் அப்பா. ஆகவே அப்பாமேல் அப்பாவே வழக்குத் தொடுத்தால் நீதிமன்றம் மகிழ்ச்சியோடு விசாரிக்கும்.

மாசிலாமணி மெதுவாக எழுந்தார். இன்று முதல் மைனர் என்றால், வழக்கைப் போன வாரம் போட்டபோது என் கட்சிக்காரர் மேஜர்தானே என்று பணிவாகக் கேட்டார். அம்பலவாணருக்குச் சுருக்கென்றது. பேனாவைத் திறந்து, 'இன்று முதல்' என்பதை அடித்து, 'பிறந்த நாள் முதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நாட்டிலுள்ள எல்லோருக்குமா?"

"எல்லோருக்கும்தான்."

"மைனர் கையெழுத்துப் போட்டாலும் ஒப்பந்தம் பண்ணினாலும் செல்லாதே?"

"ஒருக்காலும் செல்லாது."

"அப்படியானால் போன சித்திரையில் நாங்கள் போட்ட ஓட்டு?"

அம்பலவாணரின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. ஆனால் அமைச்சர் சும்மா அமைச்சர் ஆகிவிடவில்லை. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"சின்னப்பிள்ளை பேச்சை யாராவது பெரிதாக எடுத்துக்கொள்வார்களா?"

சிரிக்கலாமா என்று நீதிபதி அமைச்சரின் முகத்தைப் பார்த்தார். அனுமதி தெரிந்ததும் சிரித்துக்கொண்டே வழக்கைத் தள்ளுபடி செய்தார். வாசலில் எல்லோருக்கும் அப்பா பேரில் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்து மாசிலாமணிக்கு அழுகையே வந்தது. தம் பங்கு மிட்டாயை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அஞ்சுகம் அழவில்லை.

"மைனர் தப்புப் பண்ணினா யாரு சார் பொறுப்பு?"

அவர் வழக்கம்போல் நாலாபக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "கார்டியன்."

அவள் அங்கிருந்து நேராக மில்லுக்குப் போனாள். பக்கத்து வீட்டில் கடப்பாறை கேட்டு வாங்கி, பூட்டை ஒரே போடாகப் போட்டாள். வாரிசுத்துறை அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்து, அரசாங்க சீலை உடைத்தது யார் என்று அதட்டினார்.

"நான்தான். சின்னப்புள்ள, தெரியாம பண்ணிட்டேன். எங்க அப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

அதிகாரிக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. ஆணைப்படி அவரும் குழந்தைதான். குழந்தை குழந்தையைக் கைது செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே மிஷின் ஓடத் தொடங்கியது. தெருவில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ கடப்பாறையைக் கொஞ்சம் தரும்படி கேட்டார்கள்.

மறுநாள் முதல் தென்பொழிலில் ஒரு குழந்தையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.