விளக்கு வைத்தியமும் தண்ணீர்க் கொப்புளமும்

சேசு மரி சூசை துணை

செஞ்சி,
18-7-1968

மகா கனம் பொருந்திய மச்சான் பாக்கியசாமி அவர்களுக்கு, இருதயநாதன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் தங்கை அமலோற்பவம், கறவை மாடு எல்லோரும் நலம். வழக்கத்துக்காக அப்படி எழுதினேன். மாடு மட்டும்தான் நலம்.

பதினோரு வருடமாக என் முழங்கையிலும் முதுகிலும் செதில் செதிலாக உதிர்ந்த சொரியாசிஸ், தாங்கள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கே உடம்பெல்லாம் தார் பூசி ஊதா விளக்கின் முன் நிற்கவைத்ததில், ஆறே வாரத்தில் மறைந்தது வாஸ்தவம். ஊர் திரும்பியதும் அரைக்கைச் சட்டை போட்டுக் கடைத்தெருவில் தேவையில்லாமல் மூன்று முறை நடந்தேன். நாலாம் நாள் தொடையில் நமைச்சல். மறுநாள் பார்த்தால் நெல்லிக்காய் பருமனுக்குத் தண்ணீர்க் கொப்புளங்கள்! பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆத்தா வந்துகீறா, வேப்பிலை மேல படுங்க" என்றாள். "நாங்க வேதக்காரங்க, எங்க வூட்டுக்கு ஆத்தா எப்படி வருவா?" என்று அமலோற்பவம் கேட்க, "ஆத்தா வூடு பார்த்தா வருவா?" என்றாள் அவள். அதுவும் நியாயமாகப் பட்டதால் வேப்பிலையில் படுத்தேன். நமைச்சல்தான் இரட்டித்தது.

பிறகு இவ்வூர் டாக்டர் சுந்தரமூர்த்தியிடம் போனேன். "சுடுதண்ணி கொட்டிக்கிட்டீங்களா?" என்றார். "இல்லீங்க, வெளக்குல நின்னேன்." "வெளக்கு சுட்டுச்சா?" "சுடலீங்க." "அப்ப இது தீப்புண் இல்ல. உங்க உடம்பே உங்க தோலை அந்நியம்னு நெனச்சி அதோட சண்டை போடுது. சொரியாசிஸ்காரங்கள்ல சில பேருக்கு வெளிச்ச வைத்தியத்துக்கு அப்புறம் இப்படி வரும்." ஐம்பத்தாறு வருடம் ஒன்றாக இருந்த தோல் திடீரென்று எப்படி அந்நியமாகும்? "இந்தச் சண்டையில நான் யார் பக்கம் டாக்டர்?" என்று கேட்டேன். "மாத்திரை பக்கம்" என்றார். பட்டணத்து ஆஸ்பத்திரியில் மறுபடி படுத்து, தோலில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்து, மாத்திரை சாப்பிட வேண்டுமாம்.

மச்சான், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செதிலை விரட்டக் கொப்புளம் வந்தது. கொப்புளத்தை விரட்டினால் இன்னும் என்ன வருமோ? அந்தச் செதிலே திரும்பி வரட்டும், அதோடு பழக்கமாவது உண்டு. ஆகவே ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்க வேண்டாம். நான் வரமாட்டேன். இதுவே என் முடிவு.

தங்களையும் பிள்ளைகளையும் தேவமாதா கைவிடாமல் பார்த்துக்கொள்வாளாக.

இப்படிக்கு,
இருதயநாதன்

பி.கு.: அமலோற்பவம் இதை வாங்கிப் படித்தாள். "உங்க முதுகுல எத்தினி கொப்புளம்னு உங்களுக்குத் தெரியுமா? நேத்து முப்பது. இன்னிக்கி நாப்பத்தொண்ணு. மருந்து போடற எனக்குத் தெரியும்" என்றாள். சொன்ன கையோடு அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதனால் இதைத் தபாலில் போடவில்லை. தாங்கள் படித்து முடித்து நிமிர்ந்தால் எதிரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன் நான்தான். அக்குளிலும் கொப்புளம். கட்டிலுக்குச் சொல்லிவிடவும்.