எண்ணெய் குடிக்காத விளக்கு

சீரோங்கி என்றொரு நாடு இருந்தது. எந்தத் திசையில் என்று கேட்காதீர்கள். வரைபடம் போட்டவர்கள் வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டார்கள். அந்த நாட்டை நிறுவிய ராஜா நல்லவர். இருட்டில் கூடிப் பேசுகிறவர்களால் குடி கெடும் என்று பயந்து, "தெருவிளக்கு ஏற்றிய பின் எந்த அரசுக் காரியமும் நடக்கக் கூடாது" என்று கல்லில் வெட்டி வைத்தார். அதனால் நகரசபை உச்சிவெயிலில் கூடும், பொழுது சாயுமுன் கலையும்.

அந்தச் சபையில் பள்ளத்தெருவின் உறுப்பினர் குருவம்மாள். தெருக்கோடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஓர் ஓடைப்பாலம் உண்டு. அரிசி ஆலைக்குப் போகிற பெண்கள் இருட்டிய பிறகு அதைத் தாண்டித்தான் வீடு திரும்ப வேண்டும். பாலத்தில் இருந்த ஒற்றை எண்ணெய் விளக்கு அழுது வடிந்தது. நல்ல விளக்குப் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் குருவம்மாள் ஜெயித்தாள். அவளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவளுடைய அண்ணன் மனைவி முப்பிடாதி. அவளும் ஆலைக்காரிதான்.

சபைத் தலைவர் ஒருநாள் ஊருக்கெல்லாம் சிக்கன விளக்கு வாங்கப்போவதாக அறிவித்தார். எந்த விளக்கு குறைவாக எண்ணெய் குடிக்கிறதோ அதற்கே ஒப்பந்தம் என்பது விதி. வெளிச்சத்தைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை. விளக்கு என்றால் வெளிச்சம் தானாக வரும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். நான்கு வியாபாரிகள் வந்தார்கள். தலைவரின் மைத்துனர் கொண்டுவந்த விளக்கு எண்ணெயே குடிக்கவில்லை.

சோதனை சபை முற்றத்தில் நடந்தது. சூரியன் நடுமண்டையில் நின்றது. உறுப்பினர்கள் கம்பங்களைத் தட்டிப் பார்த்து, வர்ணத்தைப் புகழ்ந்தார்கள்.

"இது எரியுதாய்யா?" என்று மைத்துனரின் விளக்கைக் காட்டிக் கேட்டாள் குருவம்மாள்.

சபையின் சிக்கன அதிகாரி கனிவோடு சிரித்தார். "அம்மணி, மற்றவை எரிவது தங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா?"

"இந்த வெயில்ல எப்படித் தெரியும்?"

"அதைத்தான் சொல்கிறேன். அவை எண்ணெய் குடித்துவிட்டுத் தெரியாமல் இருக்கின்றன. இது குடிக்காமலே தெரியாமல் இருக்கிறது. எது சிக்கனம்?"

சபை கைதட்டியது. தலைவர் அவள் பக்கம் குனிந்து, "முதல் விளக்கு உங்கள் பாலத்துக்குத்தான் அம்மா. தங்களுக்கு ஆட்சேபம் என்றால் பள்ளத்தெருவைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

அந்தச் சபையில் தூக்கிய கைக்கு ஒப்புதல் என்று மட்டுமே பொருள். குருவம்மாள் பாலத்தை நினைத்தாள். ஏதோ ஒன்று வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே ஏய்த்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்துக் கை விளங்காமல் போயிருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

நண்பகலில் நாடா வெட்டிப் பாலத்தில் விளக்கை நட்டார்கள்; பழையதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்ததும் பாலமே காணாமல் போயிற்று. புகார் கொடுத்தாள். அதிகாரி நண்பகலில் வந்து பார்த்தார். "சோதனையில் இருந்தபடியே இருக்கிறது. பழுதில்லை" என்றார். பெண்கள் கைவிளக்கோடு நடந்தார்கள். ஊரின் சிக்கனப் புகழ் கெடுகிறதென்று சபை கைவிளக்கைத் தடைசெய்தது. அடுத்த வாரமே முப்பிடாதி பாலத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். விழுகிறவர்கள் விளக்கை நம்பாதவர்கள், அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சபை ஒரு தீர்மானம் போட்டது.

"நீயும் கை தூக்குனியாம்லா?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டாள் முப்பிடாதி.

"நம்ம தெருவுக்கு மொதல்ல வரட்டும்னுதான் மதினி..."

"வந்துட்டுல்லா."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் குருவம்மாள் தாங்கியிருப்பாள்.

ஒரு சொட்டு எண்ணெய் செலவழிக்காத நகரம் என்று அரண்மனையிலிருந்து பொன்விளக்கு ஒன்று பரிசாக வந்தது. அது தலைவர் வீட்டு முற்றத்தில் விடிய விடிய எரிந்தது. மிச்சமான எண்ணெயை என்னதான் செய்வது?

தேர்தல் வந்தது. அந்த நாட்டில் ஆளுக்கு ஒரு கறுப்புக் கல்லும் ஒரு வெள்ளைக் கல்லும் கொடுப்பார்கள். இருக்கிற சபையே தொடரட்டும் என்றால் கறுப்பு; போகட்டும், தெருவுக்குத் தெரு புது உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால் வெள்ளை. ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இந்த முறை ஊரே வெள்ளையைப் போடுவதென்று முடிவு செய்திருந்தது. அப்போதுதான் சிக்கன அதிகாரி ராஜாவின் கல்வெட்டை மறுபடி வாசித்தார். தெருவிளக்கு ஏற்றிய பிறகுதானே அரசுக் காரியம் கூடாது? இப்போது யார் ஏற்றுகிறார்கள்? மக்கள் வெயிலில் வாடக் கூடாதென்று வாக்குப்பதிவை இருட்டிய பிறகு வைத்தார்கள்.

முப்பிடாதியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கல்லிரண்டையும் தடவிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுபோலல்லா இருக்கு. எது வெள்ளை, நீயாச்சும் சொல்லேன்."

"எனக்கும் தெரியல மதினி" என்றாள் குருவம்மாள். சாமியை வேண்டிக்கொண்டு இருவரும் ஆளுக்கொன்றைப் போட்டார்கள்.

விடிந்ததும் குருவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மிஞ்சியிருந்தது கறுப்புக் கல். அப்படியானால் பெட்டியில் விழுந்தது வெள்ளை! முப்பிடாதியிடம் ஓடினாள், அவளிடமும் கறுப்பு. பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் கறுப்புதான். பள்ளத்தெருவில் குலவைச் சத்தம் எழுந்தது. முப்பிடாதி அழுதுகொண்டே சிரித்தாள்.

எண்ணிக்கை சபை முற்றத்தில், பட்டப்பகலில், ஊரே பார்க்க நடந்தது. ஒளிவுமறைவு என்று யாரும் குறை சொல்ல முடியாது. பெட்டியைக் கவிழ்த்தார்கள். கொட்டியதெல்லாம் கறுப்பு.

"ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டார் தலைவர்.

குருவம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்று, மிஞ்சிய கல்லை உள்ளங்கையில் ஏந்திக் கையை உயர்த்தினாள்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர். "பள்ளத்தெரு உறுப்பினர், கறுப்புக் கல்லோடு கை தூக்கி ஆதரிக்கிறார்."