மச்சானின் முதுகு

தொலைக்காட்சியில் காவடி தூக்கிப் போய்க்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோதுதான், அது தன் மச்சான் வேலு இல்லை என்று ஜெயராஜுக்குத் தெரிந்தது. வேலுவுக்கு மீசை கிடையாது. இந்த ஆளுக்கு இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளும் அளவுக்கு இருந்தது.

"ஏங்க, யாருங்க இது?" என்றாள் அவன் மனைவி சந்திரிகா.

"அதான் நானும் பாக்குறேன்."

"எங்கண்ணன் எங்க?"

ஜெயராஜ் டேப்பை முன்னால் ஓட்டினான். மீசை வந்தது. இன்னும் ஓட்டினான். மலையடிவாரம் வரைக்கும் மீசையேதான். பின்னால் ஓட்டினான். டேப்பின் ஆரம்பத்தில், விடிந்தும் விடியாத இருட்டில், வேலு ஒரு கடை வாசலில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மச்சானின் முகம் என்று இருந்தது அந்த ஒரு கொட்டாவி மட்டும்தான்.

தப்பு எப்படி நடந்தது என்பதில் பெரிய ரகசியம் இல்லை. தைப்பூசத்தன்று பினாங்கே மொட்டை, பினாங்கே மஞ்சள் வேட்டி. நல்ல வெளிச்சம் வரட்டும் என்று கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே நடந்த ஜெயராஜ், ஒரு தண்ணீர்ப் பந்தலில் பேட்டரி மாட்டக் குனிந்தான். நிமிர்ந்ததும் முன்னால் போன மயிலிறகுக் காவடியைப் பிடித்துக்கொண்டான். கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரமோ கட்டைவிரல் நகம் அளவு, அதுவும் கறுப்பு வெள்ளை, மீசையெல்லாம் அதில் தெரியாது. படிக்கட்டு நெரிசலில் பின்தங்கி, தண்ணீர்மலை உச்சிக்குப் போனபோது வேலு காவடியை இறக்கி வைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஜெயராஜும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினான்.

சிக்கல் மாமியார் வடிவம்மாளிடம் இருந்தது. அவருடைய கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகன் காவடி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டவர் அவர்தான். ஆப்பரேஷன் முடிந்தது, மகனும் எடுத்தார். ஆனால் தைப்பூசம் பார்த்துக் காய்ச்சல் வந்து, வடிவம்மாள் அக்கரையில் பட்டர்வொர்த் வீட்டிலேயே படுத்துவிட்டார். "படத்துலயாவது எம்புள்ளய பாக்கணும் மாப்பிள்ள, உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் அவனை நம்பி ஒப்படைத்த முதல் வேலை இது. அதற்கு முன் முட்டைகூட வாங்கி வரச் சொன்னதில்லை, உடைத்துவிடுவான் என்று.

"ஆப்பரேஷனுக்கு முன்னாடின்னா அம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றாள் சந்திரிகா. "இப்ப செவுத்துல எறும்பு போறதுகூடத் தெரியுதாம்."

ஜெயராஜ் சூலியா தெருவுக்கு ஓடினான். அங்கே ரேடியோ, கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் ஹனீபா, எந்தப் பிரச்சினையைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்.

"டேப்ப கம்ப்யூட்டருக்குள்ள ஏத்திருங்க தம்பி. அதுக்கு ஒரு கார்டு இருக்கு. ஏத்திட்டா அப்புறம் நீங்கதான் ராஜா. வேணாத மூஞ்சிய வெட்டு, வேணுங்கிறத ஒட்டு. செனாங் லா!"

"சுலபமா பாய்?"

"எம்மவன் கல்யாணத்துல எங்க சம்பந்தியவே வெட்டி எடுத்துட்டேன்னா பாத்துக்குங்க."

கார்டு வந்தது, கம்ப்யூட்டருக்குள் போனது. ஆனால் டேப் எவ்வளவு நேரம் ஓடுமோ, ஏறுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஹனீபா சொல்லவில்லை. பாதி ஏறும்போதே இடம் நிரம்பிவிட்டது. ஜெயராஜ் கம்ப்யூட்டரில் இருந்த விளையாட்டுகளை அழித்தான். மறுபடி நிரம்பியது. சந்திரிகா மாதக்கணக்காகத் தட்டி வைத்திருந்த சமையல் குறிப்புகளை அழித்தான். அன்றிலிருந்து வீட்டில் ரசம் மட்டும்தான் வைக்கப்பட்டது.

ஒருவழியாகப் படம் முழுவதும் ஏறியது. மீசை தெரிந்த இடத்தையெல்லாம் வெட்டினான். அது லேசுப்பட்ட வேலையா? அந்த ஆள் பத்தடிக்கு ஒரு தடவை திரும்பி, பெண் வீட்டுக்காரர் மாதிரி கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"இவன் யாரு, நம்மள பாத்து இவ்ளோ சந்தோஷப்படுறான்?" என்று ஜெயராஜ் பல்லைக் கடித்தான்.

வெட்டி முடித்தபின் மிஞ்சியது முதுகு. வெறும் முதுகு. வேலுவைப்போல் அகலமானதும் இல்லை, நல்ல ஒல்லி முதுகு.

"அம்மா மூஞ்சி கேப்பாங்களே," என்றாள் சந்திரிகா.

"மூஞ்சிதான் ஒண்ணு இருக்கே!"

அந்தக் கொட்டாவியை எடுத்து முதுகுகளுக்கு நடுவே ஒட்டினான். சும்மா ஒட்டவில்லை. ஓட்டத்தை மெதுவாக்கி, அடியில் கூட்டத்தின் "வேல் வேல்" கோஷத்தைச் சேர்த்தான். மச்சானின் வாய் மெல்லத் திறந்து மெல்ல மூட, பார்த்தால் முருகனை நினைத்து உருகுகிற மாதிரியே இருந்தது. ஜெயராஜுக்குத் தன் திறமையைப் பார்த்துத் தனக்கே புல்லரித்தது.

"முதுகு போறப்ப வெயில் கொளுத்துது, மூஞ்சி வர்றப்ப இருட்டா இருக்கே," என்றாள் சந்திரிகா.

இருட்டை வெளுப்பாக்கினான். வேலுவுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

"பின்னாடி இருக்கிற கடை போர்ட பாருங்க. தைப்பூசத்தன்னிக்கு அண்ணன் அந்தக் கடை வாசல்லயே நின்னுக்கிட்டிருந்த மாதிரி இருக்கு."

போர்டை மறைக்கப் பூமாரி பொழியலாம் என்று தோன்றியது. ஹனீபா கொடுத்த மென்பொருளில் பூ இல்லை. அதைச் செய்தவர்கள் வெள்ளைக்காரர் கல்யாணங்களை மனத்தில் வைத்துச் செய்திருந்தார்கள்போல. பொழிவதற்கு இருந்தது இதயமும் மாதா கோயில் மணியும்தான். காவடிமேல் இதயம் பொழிவது நன்றாக இராது என்று மணியைத் தேர்ந்தெடுத்தான். போர்டு மறைந்தது. மச்சானின் மூக்கும் பாதி மறைந்தது.

இந்த அமர்க்களத்துக்கு நடுவில் வேலுவே போன் செய்தார்.

"மாப்ளே, படம் எப்படி வந்திருக்கு?"

"வேல... நடந்துக்கிட்டிருக்கு மச்சான்."

"ரொம்ப சிரமப்பட வேணாம் லா. அந்தக் கூட்டத்துல எவன் சரியா எடுக்க முடியும்? டேப்பு கெட்டுப்போச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிருவோம். நான் பாத்துக்கிறேன்."

மச்சானுக்கு இவ்வளவு பெரிய மனசா என்று ஜெயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படிப்பட்டவரின் முகத்தை இந்தப் படத்தில் எப்படியாவது நிறைத்தே தீருவது என்று, கொட்டாவியை இன்னும் நான்கு இடத்தில் ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெரியில், படத்தைப் பதிந்த கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு பட்டர்வொர்த் போனார்கள். வடிவம்மாள் வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். முன் நாற்காலியில் பூப்போட்ட பாத்தேக் சட்டையும் தொந்தியுமாக வேலு. ஏனோ அவருக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

படம் ஓடத் தொடங்கியது. ஜெயராஜ் படத்தைப் பார்க்கவில்லை, மாமியாரின் முகத்தைத்தான் பார்த்தான். வடிவம்மாள் கண்ணாடிகூடப் போடாமல் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"அடி ஆத்தாடி!" என்று கன்னத்தில் கை வைத்தார்.

ஜெயராஜ் படத்தை நிறுத்தப் பாதி எழுந்தான்.

"வெரதம் இருந்து எம்புள்ள எப்படி எளைச்சுப்போச்சு பாருங்களேன்!"

எல்லோரும் வேலுவின் தொந்தியைப் பார்த்தார்கள். வேலு மூச்சை இழுத்து அதை உள்ளே தள்ளினார். "ஆமாம்மா... அப்ப எளைச்சுத்தான் இருந்தேன். அப்புறம் கொஞ்சம் சாப்பிட்டுட்டேன்."

மச்சானுக்குத் தன் முதுகு தெரியவில்லையா? ஜெயராஜ் யோசித்துப் பார்த்தான். எவன்தான் தன் முதுகைப் பார்த்திருக்கிறான்! இந்த எண்ணம் வந்ததும் அவன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்குள் வேலுவுக்கும் தைரியம் வந்திருந்தது. எழுந்து போய்த் திரையையே தொட்டுக் காட்டினார்.

"இந்த எடத்துலதாம்மா தோளு கழண்டு விழற மாதிரி வலி. பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தேன்."

"முருகா!" என்றார் வடிவம்மாள். அந்த நேரம் பார்த்து மணிகள் பொழிய, கொட்டாவி வந்தது. "வேல் வேல்னு எப்படி உருகுறான் பாரு எம்புள்ள!" என்று தேம்பித் தேம்பி அழுதார். கூட இருந்த பெண்களும் அழுதார்கள். கணவன் ஒட்டிய கொட்டாவிதான் என்று தெரிந்தும் சந்திரிகாவும் அழுதாள்.

படம் முடிந்ததும் வடிவம்மாள் எழுந்து, கேசரிக் கிண்ணத்தை மகனுக்குக் கொடுக்காமல் நேராக மருமகனிடம் கொண்டுவந்தார்.

"வேலு எனக்கு ஒரு கண்ணுன்னா, நீங்க இன்னொரு கண்ணு மாப்பிள்ள. எங்கே, இன்னொருக்கா போடுங்க."

ஜெயராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை. கேசரி அவ்வளவு இனிப்பாக அவன் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. படத்தை மறுபடி ஓடவிட்டு இரண்டாவது வாய் எடுத்து வைத்தபோது, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

உள்ளே வந்தது மீசை.

சாட்சாத் அதே மீசை. ஜெயராஜ் கேசரிக் கிண்ணத்தை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டான். முதுகுக்குச் சொந்தக்காரன் முதுகைத் தேடிக்கொண்டு இத்தனை தூரம் எப்படி வந்தான்? உதவிக்கு மச்சானைப் பார்த்தான். மச்சான் அவனைவிட மோசமாக வெளிறிப்போயிருந்தார்.

"வாப்பா அர்ஜுனா, உக்காரு," என்றார் வடிவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இவன் நம்ம வேலுகூட வேலை செய்யிற பையன், புதுசா சேந்திருக்கான். நல்ல நேரத்துல வந்தே, எம்புள்ள காவடி தூக்கினத பாரு!"

"அர்ஜுனா, வெளிய போய் பேசுவோமா?" என்று வேலு பாய்ந்து வந்தார்.

அர்ஜுனன் நகரவில்லை. திரையில் மணிகள் பொழிய மலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த முதுகைக் கண் கொட்டாமல் பார்த்தான். பிறகு ஜெயராஜ் பக்கம் திரும்பி, பழகியவனைப்போல் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"படம் சூப்பரா இருக்குண்ணே, ஆனா வேலு அண்ணன் கால் பிடிச்சுக்கிச்சுன்னு தண்ணிப் பந்தல்ல உக்காந்ததுல இருந்து மேல வரைக்கும் காவடிய தூக்கின என் மூஞ்சிய மட்டும் ஏண்ணே வெட்டிட்டீங்க?"