கரும்பொருள் படகில் ஏறிய கதை

என் பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. தனக்கே அரைகுறையாக விளங்கியதைப் பிறருக்கு விளக்கும் வியாதி. (அம்மா இதை வாசித்துத் திட்டும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன்.)

பெரியவளே, அப்போது உனக்கு ஐந்து வயது. அம்மாவின் அண்ணன் கந்தளாயிலிருந்து வந்திருந்தார். மாமா விஞ்ஞான ஆசிரியர். நான் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் தவறி, மீன்வலைக் கடையில் வேலைக்கு நிற்பவன். ஆனால் யூடியூப்பில் கரும்பொருளைப் பற்றி மூன்று காணொளி பார்த்திருந்தேன். அவருக்கு ஒருநாளாவது நான் பாடம் எடுக்கவேண்டும் என்று ஆசை. கூட்டாளியின் படகை இரவல் வாங்கி உன்னையும் மாமாவையும் குடாவுக்குள் கொண்டுபோனேன்.

பாதி வழியில் மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மச்சான், படகு இவ்வளவு தாழ்ந்து போகுது?"

இதற்குத்தானே காத்திருந்தேன். "அதுதான் கதை மச்சான். நாங்கள் மூண்டு பேர் இவ்வளவு தாழ்க்க ஏலாது. அப்ப கண்ணுக்குத் தெரியாத பாரம் ஒண்டு இருக்கு. வானத்திலயும் அப்பிடித்தான். தெரியிற நட்சத்திரங்களின்ட பாரம் மட்டும் போதாது. கரும்பொருள் எண்ட தெரியாத துணிக்கைகள்தான் விண்மீன் கூட்டங்களைச் சிதறாமப் பிடிச்சிருக்கு."

"அந்தத் துணிக்கையை இன்னும் ஒருத்தரும் பிடிக்கயில்லை. ஈர்ப்புக் கணக்குத்தான் பிழை எண்டும் சில பேர் சொல்றாங்கள்."

"கணக்குப் பிழையில்லை. பாரம் இருக்கு."

"அப்பா, சப்பாத்துக்குள்ள தண்ணி," என்றாய் நீ.

படகின் அடிப்பலகையைத் தூக்கினேன். கரும்பொருள் அங்கே தளும்பிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் வடியக் கரையில் பிடுங்கிய அடித்துளைத் தக்கையைத் திரும்பப் போடாமலே படகைத் தள்ளியிருக்கிறேன்.

பின்பக்கம் தாழ்ந்து இன்ஜினும் நின்றது. குதிக்காலைத் துளையில் அழுத்தினேன். மாமா ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை எடுத்துத் தண்ணீர் இறைத்தார். எனக்கு நீந்தத் தெரியும். உன்னைத் தூக்கிக்கொண்டு நீந்தத் தெரியாது. அதை அந்த நிமிடம்தான் யோசித்தேன்.

கரை விலகிக்கொண்டே போனது. பிரபஞ்சத்தை விரிக்கும் கருஞ்சக்தியும் இப்படித்தானாம்: தள்ளுவது எதுவென்று தெரியாது, எல்லாம் விலகும், விலகும் வேகமும் கூடும். வெற்றிடத்தின் இயல்பே அது என்கிறார்கள் சிலர். காலத்தோடு மாறும் ஏதோ ஒன்று என்கிறார்கள் வேறு சிலர். அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை. "பிள்ளையை விட்டிடாதையுங்கோ, மச்சான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மீன்பிடித்துத் திரும்பிய காக்கா ஒருவர் (கிண்ணியாவில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) கண்டு கயிறு எறிந்தார். "தக்கை இல்லாமயா தம்பி கடலுக்கு வந்தீங்க?"

மாமா மூச்சு வாங்கினார். "இவர் ஆராய்ச்சிக்கு வந்தவர், காக்கா."

இன்றைக்கும் என் எடை கூடினால் அம்மா "கரும்பொருள்" என்கிறாள். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

படகு தாழ்ந்த மறுநாள் விடிய நான் தனியாகக் கரைக்குப் போனேன். தக்கையில் ஓட்டை போட்டு நைலோன் நூல் கோர்த்துப் இனி யாரும் மறக்காதபடி படகின் உள்வளையத்தோடு கட்டினேன்.  முடிச்சு விழ நாலு தரம் எடுத்தது.