அசைன்மெண்ட் அண்ணனும் என் பன்னிரண்டு வேலைகளும்

மலாக்கா மாநிலத்தில் அசைன்மெண்ட் அண்ணனைப் போல் படித்தவர் யாரும் கிடையாது. அவரைவிட அதிகம் படித்தவர்கள் உண்டு. ஆனால் படித்த பாடத்தைப் பக்கத்தில் இருப்பவன்மேல் போட்டுப் பார்க்காமல் சோறு இறங்காத ஆள் அவர் ஒருவர்தான்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் மின்னணுச் சாமான் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் தரச்சோதனை சூப்பர்வைசர். வயது நாற்பத்தேழு. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மேலே எக்சிக்யூட்டிவ் நாற்காலி இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் பட்டதாரிப் பையன்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இவர். அடுத்த நாற்காலி காலியாவதற்குள் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று சனி, ஞாயிறுகளில் வணிக நிர்வாகம் படிக்கப் போனார்.

சந்தைப்படுத்தல் பாடம் நடந்தபோது கேண்டீன் அக்காவிடம் போய் நின்றார்.

“அக்கா, உங்க டார்கெட் கஸ்டமர் யாரு?”

“பசிக்கிறவன் லா. நீ சாப்பிடறியா, நகர்றியா?”

நேர நிர்வாகம் படித்த வாரம், கழிப்பறைக்குப் போகிறவர்களைக் கடிகாரம் வைத்துக் குறித்தார். அதிக நேரம் எடுத்துக்கொண்டவர் அவரேதான். நோட்ஸ் படிப்பது அங்கேதான்.

கடைசியாக ஆய்வுக் கட்டுரை. தலைப்பு, தொழிலாளர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள். கேள்விகள் போட்ட பாரம் அறுபது அச்சடித்து எங்களிடம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் அறுபதும் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ‘ஓகே’ கட்டத்தில் டிக். மெஷின் சோதனைத் தாளில் தினமும் அப்படித்தானே போடுகிறோம். பாரம் என்றால் கை தானாக அங்கே போய்விடும். ‘வேலையை விட நினைத்ததுண்டா’ என்ற கேள்விக்கும் ஓகே.

விரிவுரையாளர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். வீட்டில் உட்கார்ந்து நீங்களே நிரப்பியிருக்கிறீர்கள், மூன்று வாரத்தில் புதிதாகச் செய்யாவிட்டால் தோல்வி என்று எழுதியிருந்தார்.

மறுநாள் தேநீர் நேரத்தில் அண்ணன் என்னிடம் வந்தார். நான் பேக்கிங்கில் இருந்தேன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். வேலையை விடும் கடிதம் அன்றைக்கும் சட்டைப் பையில் இருந்தது.

“தம்பி, இதுவரைக்கும் எத்தன வேலை விட்டிருக்க?”

“பன்னெண்டு இருக்கும்ணே.”

புதையலைப் பார்த்தவர்போல் பேனாவை எடுத்தார். “உக்காரு லா.”

நாளுக்கு ஒரு வேலை என்று பன்னிரண்டு நாள் கேட்டார். லோரி, கார் கழுவுமிடம் எல்லாம் ஆகி, சிம்பாங் அம்பாட் கோழிப் பண்ணைக்கு வந்தோம்.

“அங்க ஏன் விட்ட?”

“நாத்தம்ணே.”

“அது எல்லாருக்கும்தான் நாறும். நீ ஏன் விட்ட?”

யோசித்துச் சொன்னேன். “ரெண்டு நாள் காய்ச்சல். மூணாவது நாள் போனா, நீ யாருன்னு வேலை வாங்கற மண்டோரே கேட்டாரு. நாலு மாசம் அவருகிட்ட வேலை செஞ்சிருக்கேன்.”

அதை எழுதிக்கொண்டார். பிறகு தன் தேநீரில் பாதியை என் கிளாசில் ஊற்றினார்.

இதைப் பார்த்துவிட்டு லைனில் நிற்கும் அக்காமார்கள் அண்ணனிடம் வந்தார்கள். “எங்களையும் கேளு தம்பி. அவன் பன்னெண்டுன்னா எங்களுக்கு ஒண்ணுமில்லையா?” ஓகே போட்ட கைகளெல்லாம் பேச ஆரம்பித்தன. அவருக்குத் தாள் போதவில்லை. என் கடிதம் சட்டையோடு துவைபட்டுப் போனது.

அண்ணன் பாஸானார். நாற்காலியும் காலியானது. ஆனால் இந்த முறை ஆளே வேண்டாம் என்று அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். ஜொகூரில் ஒரு தொழிற்சாலை அவரைக் கூப்பிட்டது.

கடைசி நாள் மோட்டாரில் ஏறப் போனவரிடம் கேட்டேன். “ஏன்ணே விடறீங்க?”

“காரணம் ஒண்ணு…” என்று விரலை மடக்கினார். அடுத்த விரல் மடங்கவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். தேநீர் நேரத்தில் யாராவது வேலையை விடப் போகிறேன் என்றால் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏன் என்று கேட்கிறேன். எழுதிக்கொள்வதில்லை. அவரளவுக்கு நான் படிக்கவில்லை.