லிஸ்ட் அண்ணை அனுப்பாத படிவம்

தொண்ணூறுகளில் கனடாவின் மார்க்கம் நகரில் நாங்கள் வேலை செய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில், லிஸ்ட் அண்ணையைக் கேட்காமல் எந்தத் தமிழனும் காய்ச்சல்கூட வரவழைத்துக்கொள்வதில்லை. யாராவது தும்மினால் என்ன வருத்தம், என்ன நோய் என்று அவர் கேட்கமாட்டார். "டொக்டர் என்ன எழுதினவர்?" என்றுதான் கேட்பார்.

கம்பனியின் காப்புறுதி எந்தெந்த மருந்துக்குப் பணம் கொடுக்கும் என்று ஒரு பட்டியல் உண்டு. மற்றவர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, சாப்பாட்டுப் பையில் சோற்றுக்கு மேலே வைத்துக்கொண்டு திரிந்தார். மெஷினை ஓட்டிக்கொண்டே பக்க எண் சொல்லுவார். அவருடைய உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

ஒருமுறை என் வயிற்றெரிவுக்காக மில்லிக்கனில் இருந்த தமிழ் டொக்டரிடம் துணைக்கு வந்தார். டொக்டர் புதிதாக வந்த ஒரு குளிசை மாத்திரையை எழுதினார். அண்ணை பையைத் திறந்தார்.

"டொக்டர், உது லிஸ்டிலை இல்லை. உதின்ரை தம்பி பதினோராம் பக்கத்திலை இருக்கிறான். வேலை ஒண்டுதான், விலைதான் வேறை."

டொக்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டுத் தம்பியை எழுதினார். எனக்கு மானம் போனது, வயிற்றெரிவும் போனது.

பட்டியலில் இல்லாத மருந்துதான் வேண்டுமென்றால் அதற்கொரு படிவம். வருத்தத்தின் பெயரை எழுதி டொக்டர் கையெழுத்து வைக்கவேண்டும். அண்ணை டொக்டர்மாரைத் துரத்தித் துரத்தி எல்லோருக்கும் அதை நிரப்பிக் கொடுப்பார். பிறகு அது அலுவலகத்தில் என் மேசைக்கு வரும். நான் முத்திரை குத்தினால்தான் காப்புறுதிக்குப் போகும். அங்கேதான் பிடித்தது சனி. எனக்கு வாய் சும்மா இருக்காது.

பெட்டி அடுக்கும் செல்வத்தின் மூலவியாதிப் பூச்சு மருந்துக்கு ஒரு படிவம் வந்தது. மத்தியானம் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தேன்.

"என்ன செல்வம், இப்ப கதிரையிலை இருக்க ஏலுதோ?"

அறை முழுக்கச் சிரித்தது. செல்வம் நின்றபடியே சாப்பிட்டு முடித்தான். லிஸ்ட் அண்ணை மட்டும், "உது பகிடியில்லைத் தம்பி" என்றார். நான் அதற்கும் சிரித்தேன்.

அடுத்த வருடம் பட்டியல் மாறியது. கொஞ்ச நாளில் அண்ணை மாம்பழம் வெட்டும் கத்தியால் குளிசையைப் பாதியாக வெட்டுவதைப் பார்த்தேன்.

"என்ன அண்ணை, குளிசைக்கும் டயட்டோ?"

"டொக்டர் குறைக்கச் சொன்னவர்."

நம்பினேன். பனிக்காலம் முடியுமுன் ஒரு காலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நினைவில்லாமல் விழுந்தார். வலது கை முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அந்தப் பட்டியலை என்னிடம் நீட்டினார். புதுப் பட்டியலில் அண்ணையின் குளிசை இல்லை; கடைசி உறைக்குள் அதற்கான அவருடைய படிவம் இருந்தது. ஒரு கட்டமும் விடாமல் நிரப்பி, டொக்டரின் கையெழுத்தும் வாங்கி, நாலு மாதமாக அங்கேயே வைத்திருந்திருக்கிறார். கைக்காசில் வாங்கக் கட்டுப்படியாகாமல் ஒரு மாதக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுத்திருக்கிறார்.

"ஏன் அண்ணை என்னட்டைத் தரேல்லை?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

"உம்மடை மேசையாலைதானே தம்பி போகவேணும். மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம். வருத்தத்தின்ரை பேர் வெளியிலை போனா, வாற மாப்பிள்ளையும் வரான்."

எங்கள் சனத்தில் அது வீண்பயமும் இல்லை. அன்றே முத்திரை குத்தி அனுப்பினேன். மூன்றாவது வாரத்தில் அனுமதி வந்தது, முழுக் குளிசையும் வந்தது. ஆனால் அந்தக் கையோடு அண்ணை மெஷினுக்குத் திரும்ப முடியவில்லை.

மகளின் கலியாணத்துக்கு என்னையும் அழைத்தார். மாப்பிள்ளை வீட்டாரிடம் கூட்டிக்கொண்டுபோய், "எங்கடை ஒஃபிஸ் தம்பி, நல்ல பிள்ளை" என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகும் இந்த வாய் எத்தனையோ பேரின் கதையைச் சொல்லிவிட்டது. அண்ணைக்கு என்ன வருத்தம் என்று மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்லமாட்டேன். அவருக்கு நான் பிந்திச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.